குளோன் பண்ண பன்னிக்கரு நாலு செல்லோட நின்னுடுது, கல்ச்சர்ல எங்க கோளாறு?

ஈசூன்காரன் · திங்கள் இரவு 11:20

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க ஒரு லேப்ல ரெண்டு வருஷமா ரிசர்ச் அசிஸ்டண்ட், வேலை முழுக்க பன்னிக்கருதான். ஜூரோங் பக்கம் அறுப்புக்கூடத்துலேர்ந்து ஓவரி வரும், அதுலேர்ந்து முட்டைய ஊசில உறிஞ்சி எடுத்து 42-லேர்ந்து 44 மணி நேரம் முதிர வைப்போம், அப்புறம் முட்டையோட சொந்த டிஎன்ஏவ எடுத்துட்டு அந்த எடத்துல ஒரு தோல் செல்ல வச்சு கரண்ட் பல்ஸ் குடுத்து ஒட்ட வைப்போம், டிஷ்ல ஏழு நாள் வளப்போம். எந்தப் பன்னி வயித்துலயும் வைக்கிறதில்ல, பிளாஸ்டோசிஸ்ட் (உள்ள தண்ணி கோத்து குட்டிப் பந்து மாதிரி ஆகற கட்டம்) வந்தோன்ன நிறுத்தி செல்ல ஆராயறதோட எங்க வேலை முடிஞ்சுது.

மூணு மாசமா எல்லாம் சரிஞ்சு போச்சு. முன்னாடி நூறு கரு போட்டா இருபது பிளாஸ்டோசிஸ்ட்டாவது வரும், இப்ப ஏழு எட்டு வந்தாலே பெருசு. ரெண்டு செல் ஆகுது, நாலு செல் ஆகுது, அதோட அப்படியே நிக்குது, ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா உள்ள கருத்துப்போயி துண்டு துண்டா கெடக்கு.

நாங்க வளக்கறது பிஇசட்எம்-3ங்கற மீடியாவுல, அதாவது பன்னிக்கரு வளக்கற சத்துத்தண்ணில, 38.5 டிகிரி, 5 சதவீதம் ஆக்சிஜன், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, மிச்சம் நைட்ரஜன். மீடியா 20 மைக்ரோலிட்டர் டிராப்பா இருக்கும், அத மூட மேல மினரல் ஆயில். எதையும் மாத்தல. பாஸ் என்ன சொல்றார்னா தோல் செல்லுக்கு வயசாயிடுச்சு, புது செல் லைன் எடுன்னு. எனக்கு என்னமோ வளக்குற எடத்துலதான் கோளாறுன்னு தோணுது ஆனா காட்டறதுக்கு கையில ஒண்ணும் இல்ல. இந்த வேலை தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?

மீடியா_மணி · செவ்வாய் காலை 6:45

தம்பி, நான் முப்பது வருஷம் லேப் ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆனவன், கரு வேலை நேரா செஞ்சதில்ல ஆனா கரு வேலை செஞ்சவங்களுக்கு மீடியா கலக்கிக் குடுத்தவன். மொதல்ல தண்ணியப் பாருங்க. மீடியாவுல பெரும்பங்கு தண்ணிதான், அதுல கோளாறு இருந்தா மிச்சத்த எவ்வளவு சுத்தமா எட போட்டாலும் பிரயோஜனம் இல்ல. தண்ணி மெஷினோட ஃபில்டர் எப்ப மாத்துனாங்கன்னு அது மேல ஸ்டிக்கர் இருக்கும் போய்ப் பாருங்க, நிறைய லேப்ல அந்த ஸ்டிக்கர் ஒட்டுனவரே வேலைய விட்டுப் போயிருப்பாரு.

அடுத்தது பிஎஸ்ஏ, மீடியாவுல போடற அல்புமின் புரதம். அதே கம்பெனி அதே நம்பர்னு வாங்குனாலும் ஒவ்வொரு லாட்டும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், மாட்டு ரத்தத்துலேர்ந்து எடுக்கிற சரக்குதானே, அதோட என்னென்ன ஒட்டிக்கிட்டு வருதுன்னு பாட்டில் மேல எழுதியிருக்காது. லாட் நம்பர் மூணு மாசம் முன்னாடி மாறுச்சான்னு நோட்டுல பாருங்க.

அப்புறம் குளூட்டமின். பிஇசட்எம்-3ல அது இருக்கு. அது தண்ணில நிக்க நிக்க உடையும், உடைஞ்சா அமோனியா, இன்குபேட்டர் சூட்டுல இன்னும் வேகமா. கலக்கி வச்ச மீடியாவ ஒரு மாசம் வச்சு ஓட்டுறீங்கன்னா அதுவே போதும் கருவ நிறுத்தறதுக்கு. அதனாலதான் இப்ப நிறைய பேரு சும்மா உடையாத அலனைல்-குளூட்டமின் போட்டு கலக்கறாங்க.

எருமைப்பால் · செவ்வாய் மதியம் 1:10

நான் கால்நடை டாக்டர், சிங்கப்பூர் வர்றதுக்கு முன்னாடி வட இந்தியாவுல நாலு வருஷம் எருமைக்கரு வேலை செஞ்சேன். தம்பி சொன்னதுல எனக்குப் பட்டது ஒண்ணே ஒண்ணு, நாலு செல்.

முட்டை கரு ஆனோன்ன உடனே அது தன் சொந்த ஜீன வச்சு ஓடறதில்ல, தாய் முட்டைக்குள்ள கட்டி வச்ச கட்டுச்சோத்த வச்சுத்தான் மொத ரெண்டு மூணு பிரிவு போகுது. அந்தச் சோறு தீர்ற நேரத்துல கரு தன் சொந்த அடுப்பப் பத்த வச்சாகணும். எலிக்கு அது ரெண்டு செல்லுல, பன்னிக்கு நாலு செல்லுல, மாட்டுக்கு எட்டு பதினாறு செல்லுல. கரு நிக்கிறதெல்லாம் இந்த வாசப்படியிலதான். குளோன் கருவுக்கு இந்தப் படி இன்னும் உயரம், ஏன்னா உள்ள இருக்கறது தோல் செல்லோட நியூக்ளியஸ், தான் தோலுன்னு ஞாபகம் வச்சிருக்கும், அத மறந்துட்டு ஆரம்பத்துலேர்ந்து தொடங்கணும். ஆனா நல்லா இருக்கற சாதாரணக் கருவும் டிஷ்ல ஏதாவது சரியில்லன்னா இதே எடத்துலதான் நிக்கும். அதனால வெறும் நாலு செல்லுன்னு சொன்னா தப்பு தோல் செல்லுலயா டிஷ்லயான்னு பிரிக்க முடியாது.

பிரிக்கறதுக்கு வழி இருக்கு. நியூக்ளியஸ எடுக்காம, தோல் செல்லும் வைக்காம, அதே நாள் அதே முட்டைக்கு வெறும் பல்ஸ் மட்டும் குடுத்து விட்டீங்கன்னா அது தானா பிரிய ஆரம்பிக்கும், பார்த்தினோட், உங்களுக்குத் தெரிஞ்சதுதான். அது போடுறீங்களா? அதுவும் விழுந்திருச்சா இல்ல குளோன் மட்டும் விழுந்திருக்கா? பார்த்தினோட் நல்லா வந்து குளோன் மட்டும் விழுந்தா பாஸ் சொல்றது சரி. ரெண்டும் சேந்து விழுந்தா தோல் செல்ல குத்தம் சொல்றதுல அர்த்தமே இல்ல, அதுலதான் தோல் செல்லே இல்லையே.

ஈசூன்காரன் · செவ்வாய் இரவு 9:35

அண்ணே ரொம்ப நன்றி. பார்த்தினோட் ஒவ்வொரு வாரமும் போடறோம், ஆனா எண்ணி நோட்டுல எழுதறதோட சரி, குளோன் எண்ணிக்கையோட பக்கத்துல வச்சு நான் பாத்ததே இல்ல. இன்னிக்கு சாயங்காலம் ஒக்காந்து ஆறு மாசத்துக் கணக்க வரிசையா எழுதிப் பாத்தேன். ரெண்டும் சேந்துதான் விழுந்திருக்கு, அதே வாரத்துல. ஜூரோங்லேர்ந்து ஓவரி வர்ற பொட்டி, சூடு, நேரம் எல்லாம் அப்படியேதான், முதிர்ற முட்டை சதவீதமும் கொறையல. அப்ப முட்டை முதிர்ந்ததுக்கு அப்புறம் நடக்கற ஏதோ ஒண்ணு.

மணி சார், தண்ணி ஃபில்டர் ரெண்டு மாசம் முன்னாடிதான் மாத்தியிருக்காங்க. பிஎஸ்ஏ ஒரே லாட். மீடியா ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா புதுசு. ஆயில் மட்டும் புது பாட்டில் தொறந்தது அந்தச் சமயத்துலதான், அதான் சந்தேகமா இருக்கு.

ஜெல்லி_பாய் · புதன் காலை 12:15

ப்ரோ டிஎஸ்ஏ போட்டுப் பாருங்க, ட்ரைக்கோஸ்டாடின் ஏ. 2006ல ஜப்பான்ல எலில போட்டு குளோனிங் பல மடங்கு நல்லா வந்துச்சு, ஷாங்காய்ல 2018 ஆரம்பத்துல அறிவிச்ச அந்த ரெண்டு குரங்குக் குட்டிக்கும் டிஎஸ்ஏவும் கேடிஎம்4டிங்கற என்சைமோட ஆர்என்ஏவும் சேத்துதான் போட்டாங்க. அஞ்சாவது நாள்ல சீரம் 10 சதவீதம் போடுங்க, பிளாஸ்டோசிஸ்ட் கண்ணுக்கு முன்னாடி ஊதி வரும், நான் மாஸ்டர்ஸ் பண்றப்ப பாத்திருக்கேன்.

எருமைப்பால் · புதன் காலை 8:20

ஜெல்லி_பாய், டிஎஸ்ஏ பத்தி சொன்னது உண்மைதான், தோல் செல்லோட டிஎன்ஏ இறுக்கமா சுருட்டி வச்சிருக்கும், அத கொஞ்சம் தளர்த்தி விடறதுக்கு அது உதவும். ஆனா அது குளோனோட பிரச்சினைக்கு மருந்து, இங்க பார்த்தினோட்டே நிக்குதே. கூரை ஒழுகுற வீட்டுக்குள்ள புது ஃபேன் மாட்டுற கதையாயிடும்.

சீரம் பத்தி மட்டும் கொஞ்சம் விரிவா சொல்லணும், இது என் மனசுல ரொம்ப நாளா இருக்கறது. சீரம் போட்டா பிளாஸ்டோசிஸ்ட் சீக்கிரமா வரும், பெருசா வரும், பாக்க அழகா இருக்கும். 1990கள்ல ஆட்டுக்கும் மாட்டுக்கும் எல்லாரும் போட்டாங்க, கூடவே மத்த செல்லோட சேத்து வளத்தாங்க. அப்புறம் பொறந்த கன்னும் குட்டியும் அளவுக்கு மீறிப் பெருசு, நாக்கு பெருசு, உள்ளுறுப்பு பெருசு, தாய்க்கு பிரசவம் முடியல, அறுத்து எடுத்தாலும் பல குட்டி நிக்கல. அதுக்குத்தான் லார்ஜ் ஆஃப்ஸ்பிரிங் சிண்ட்ரோம்னு பேரு வச்சாங்க. 2001ல ஸ்காட்லாந்து ரோஸ்லின் இன்ஸ்டிட்யூட் குழு ஆட்டுல காட்டுனது என்னன்னா, இப்படிப் பெருத்த குட்டிங்கள்ல ஐஜிஎஃப்2ஆர்னு வளர்ச்சிய அடக்கி வைக்கிற ஜீன் ஒண்ணு மேல இருந்த மெத்தில் குறி அழிஞ்சு போயிருந்துச்சு, அந்த ஜீன் வேலை கொறைஞ்சிருந்துச்சு. டிஷ்ல அஞ்சாறு நாள் என்ன ஊத்துனோம்ங்கறது, மாசக்கணக்குல கழிச்சு பொறக்கற குட்டியோட எடையில தெரியுது. இத ஒரு தடவ நேர்ல பாத்தவன் பிளாஸ்டோசிஸ்ட் எண்ணிக்கைய மட்டும் வச்சு மீடியா நல்லதுன்னு சொல்லவே மாட்டான். நான் பாத்திருக்கேன், ராத்திரி ரெண்டு மணிக்கு தொழுவத்துல, அந்த எருமை பட்ட பாட்ட இங்க எழுத வேணாம்.

இப்ப மாட்டுக்கும் ஆட்டுக்கும் பெரும்பாலும் எஸ்ஓஎஃப்தான், சீரம் இல்லாம, கொழுப்பு நீக்குன பிஎஸ்ஏவோட. அதுவே 1972ல ஆட்டோட கருக்குழாய்ல ஊறுற தண்ணில என்னென்ன உப்பு எவ்வளவு இருக்குன்னு அளந்து அதப் பாத்துக் கலக்குன மீடியா.

புதுவாசகி · புதன் மாலை 7:05

நான் நர்ஸ், இந்த லைன்ல இல்ல, ஆனா படிக்கப் படிக்க சுவாரசியமா இருக்கு. தப்பா நெனைக்காதீங்க, ஒண்ணு கேக்கணும். எதுக்கு பன்னிய குளோன் பண்ணணும்? சிங்கப்பூர்ல சட்டத்துல எடம் இருக்கா இதுக்கு?

ஈசூன்காரன் · புதன் இரவு 10:50

தப்பா நெனைக்க என்னக்கா இருக்கு. இங்க 2004ல வந்த சட்டம் மனுஷக் குளோனிங்கத்தான் தடை பண்ணுது. மிருக ஆராய்ச்சிக்குத் தனியா நெறிமுறை இருக்கு, உயிருள்ள மிருகத்த வச்சு வேலை பண்ணணும்னா ஒவ்வொரு எடத்துலயும் ஒரு கமிட்டி பாத்து அனுமதி குடுக்கணும். எங்களுக்கு வர்றது எப்படியும் தூக்கிப் போடற ஓவரிதான்.

எதுக்குன்னா, உறுப்பு. பன்னி இதயம், பன்னி கிட்னி. 2022 ஜனவரியில அமெரிக்காவுல மேரிலேண்ட்ல ஒருத்தருக்கு பன்னி இதயம் வச்சாங்களே, அந்தப் பன்னிக்கு பத்து ஜீன் மாத்தியிருந்தாங்க. அவர் ரெண்டு மாசம் இருந்தார். மொதல்ல ஒரு செல்லுல ஜீன மாத்தி, சரியா மாறுன செல்லத் தேர்ந்தெடுத்து, அந்த செல்லுலேர்ந்து முழுப் பன்னிய உருவாக்கணும்னா குளோனிங்தான் வழி. எங்கம்மாவுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். நான் இந்த வேலைக்கு வந்ததே அதனாலதான்க்கா.

புதுவாசகி · புதன் இரவு 11:15

புரிஞ்சுது தம்பி. அம்மாவ நல்லா பாத்துக்குங்க. நான் டயாலிசிஸ் வார்டுல இருந்திருக்கேன், ஏதாவது கேக்கணும்னா தனியா எழுதுங்க.

தேக்கா_மைந்தன் · வியாழன் காலை 7:30

பெரியவங்க பேசறப்ப நடுவுல வர்றேன். எங்க தாத்தா போத்தோங் பாசிர் பக்கம் மாடு கட்டி பால் கறந்து சைக்கிள்ல வீடு வீடா ஊத்துனவரு. இன்னிக்கும் தேக்காவுல எருமை ரோடு இருக்கு, கேகே ஆஸ்பத்திரி பேர்ல இருக்கற கண்டாங் கெர்பாவுக்கு அர்த்தமே எருமைக் கொட்டில்தான், ஊர்ல இப்ப எருமைதான் இல்ல.

எருமைப்பால் சார், ஒரு கேள்வி. டாலி ஆடு குளோன் பண்ணப்பவே இந்த மீடியால்லாம் இருந்துச்சா? அது எப்படி பொழைச்சுது?

எருமைப்பால் · வியாழன் மதியம் 12:40

அருமையான கேள்வி சார், இத நிறைய பேரு கவனிக்கறதே இல்ல. டாலி கரு டிஷ்ல வளரல. 1996ல ரோஸ்லின்ல 277 முட்டைல செல்ல ஒட்ட வச்சாங்க, ஒட்டுனத ஒரு ஆட்டோட கருக்குழாய்ல விட்டு குழாயக் கட்டிட்டாங்க, ஆறு நாள் ஆடுதான் அத வளத்துச்சு. திரும்ப எடுக்க முடிஞ்சது 247, அதுல வைக்கற மாதிரி வளந்திருந்தது 29, அத 13 ஆட்டுக்குள்ள வச்சாங்க, பொறந்தது ஒண்ணு. அவங்ககிட்ட மீடியா இல்லாம இல்ல, தெரிஞ்சேதான் கருக்குழாய நம்புனாங்க. நாம டிஷ்ல பண்றதெல்லாம் அந்தக் குழாய் பண்ற வேலைய ஆயிலும் உப்புத்தண்ணியும் வச்சு செய்யப் பாக்கறதுதான். அந்தக் குழாய்ல கருவ மூடி இருக்கற தண்ணி துளிகூட ஆவியாகறதில்ல, வெளிச்சம் கிடையாது, சூடு மாறாது, ஆக்சிஜன் நாம மூச்சு விடற காத்துல இருக்கறத விட எவ்வளவோ கம்மி.

எருமை பேச்சு வந்ததால சொல்றேன், ஹரியானாவுல கர்னால்ல 2009 பிப்ரவரியில மொத குளோன் எருமைக்கன்னு பொறந்து சில நாள்ல போயிடுச்சு, ஜூன்ல கரிமா பொறந்துச்சு. அதுக்குப் பெரிய மிஷின் இல்லாம கையால பிளேடு வச்சு முட்டைய வெட்டற முறை. அப்படி பண்றப்ப முட்டையோட வெளி ஓட்ட கரைச்சிடுவாங்க, ஓடு இல்லாத கரு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அதுக்காக டிஷ்ஷோட அடியில குட்டிக் குட்டிக் குழி போட்டு குழிக்கு ஒண்ணா வைப்பாங்க. வாய்ட்டா கண்டுபிடிச்சது, கிணத்துக்குள்ள கிணறுன்னு பேரு. குழி தனித்தனி ஆனா மேல இருக்கற மீடியா ஒண்ணுதான், அதனால ஒரு கரு விடற நல்ல சரக்கு பக்கத்துக் கருவுக்கும் போகும். கருவ தனியா ஒண்ணே ஒண்ணு பெரிய டிராப்ல போட்டா சரியா வளராது.

கண்ணாடித்தட்டு · வியாழன் இரவு 9:00

நான் இங்க ஐவிஎஃப் எம்ப்ரியாலஜிஸ்ட், மனுஷக்கருதான் பாக்கறேன். தேக்கா சார் கேட்டதுக்கு ஒரு வரி சேக்கறேன், மனுஷ வேலைக்கும் மிருக வேலைக்கும் சிங்கப்பூர்ல உறவு ரொம்பப் பழசு. பேராசிரியர் ரத்தினம் குழு 1983ல இங்க ஐவிஎஃப் குழந்தைய கொண்டு வந்தப்புறம், அந்த லேப்புக்கு வந்த ஆரிஃப் போங்சோ படிச்சதே கால்நடை மருத்துவம், இலங்கைக்காரர். கருக்குழாய் செல்ல டிஷ்ல வளத்து அது மேல மனுஷக்கருவ வச்சு வளத்தவர் அவர், 1989லயே. டாலியோட சம்பந்தப்பட்ட பிபிஎல் கம்பெனில ஆராய்ச்சித் தலைவரா இருந்த ஆலன் கோல்மன் 2002ல இங்க வந்தார், அவங்க கம்பெனிதான் 2000 மார்ச்ல மொத அஞ்சு குளோன் பன்னிக்குட்டியையும் எடுத்தது.

சரி, ஈசூன்காரன் தம்பிகிட்ட சில கேள்வி. ஆயில மாத்தி டெஸ்ட் பண்ணீங்களா? மூணு மாசம் முன்னாடி லேப்ல பெயிண்ட், புது அலமாரி, தரை பசை ஏதாவது? அந்த வாடை மீடியாவுல கரையும். டிராப் எங்க வச்சுப் போடுறீங்க, ஹூட் (சுத்தக் காத்து ஊதற வேலைப்பெட்டி) ஃபேன் ஓடுதா, ஒரு தடவைக்கு எத்தன டிஷ், மொத டிராப் போட்டதுலேர்ந்து ஆயில் ஊத்தற வரைக்கும் எத்தன நிமிஷம்? கடிகாரம் வச்சுப் பாத்து சொல்லுங்க, நெனப்புல சொல்லாதீங்க.

ஈசூன்காரன் · வெள்ளி மாலை 6:25

அக்கா, ஆயில் பழைய லாட்ல ஒரு பாட்டில் பக்கத்து குரூப்ல இருந்துச்சு, வாங்கிப் போட்டுப் பாத்தோம், வித்தியாசம் இல்ல. பெயிண்ட் அடிக்கல. ஆனா ஒண்ணு நடந்துச்சு, மூணு மாசம் முன்னாடி எங்க பெஞ்ச எல்லாம் மாத்தி வச்சாங்க, புது மெஷினுக்கு எடம் வேணும்னு. இப்ப என் ஹூடுக்கு நேர் மேல ஏர்கான் வென்ட். ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுதான் வேலையே பாக்கறேன்.

இன்னிக்கு ஸ்டாப்வாட்ச் வச்சுப் பாத்தேன். பத்து டிஷ், ஒவ்வொண்ணுலயும் பன்னெண்டு டிராப், எல்லாத்தையும் போட்டு முடிச்சிட்டு அப்புறம் வரிசையா ஆயில் ஊத்துவேன். ஹூட் ஃபேன் ஃபுல்லா ஓடும், கீழ ஹீட்டிங் பிளேட் 38.5ல இருக்கும் டிராப் ஆறக்கூடாதுன்னு. மொத டிஷ்ல ஆயில் விழ 22 நிமிஷம் ஆகுது.

கண்ணாடித்தட்டு · வெள்ளி இரவு 8:10

22 நிமிஷமா! தம்பி, இதுதான், இத விட்டுட்டு வேற எதையும் தேடாதீங்க இப்போதைக்கு. ரசத்த மூடாம அடுப்புல விட்டா என்ன ஆகும்? தண்ணி போயிடும், உப்பு அப்படியே நிக்கும், கரிக்கும். உங்க டிராப் வெறும் 20 மைக்ரோலிட்டர், அடில சூடு, மேல ரெண்டு காத்து. ஆயில் மூடுனப்புறம் எல்லாம் ஒழுங்காத்தான் தெரியும், ஆனா மூடறதுக்கு முன்னாடியே உப்பு ஏறியிருக்கும், அந்த ஏறுன உப்போடதான் கரு ஏழு நாள் இருக்கணும்.

மொதக்கட்ட கருவால உப்பு ஏறுனா சமாளிக்கவே முடியாது, சுருங்காம இருக்கறதுக்கு கிளைசின் மாதிரி அமினோ ஆசிட்ட உள்ள இழுத்து வச்சுக்கும், அதுக்கும் ஒரு எல்லை உண்டு. எலிக்கரு ஒரு காலத்துல ரெண்டு செல்லுல நின்னுக்கிட்டே இருந்துச்சு, அத தாண்ட வச்ச கேசோம் மீடியாவுல முக்கியமான மாத்தங்கள்ல ஒண்ணு உப்பக் கொறைச்சது. உங்ககிட்ட ஆஸ்மோமீட்டர், உப்பு எவ்வளவு கெட்டியா கரைஞ்சிருக்குன்னு அளக்கற மிஷின், இருக்கா? பாட்டில்ல ஒண்ணு, 22 நிமிஷம் வச்ச டிராப்ல ஒண்ணு அளந்து பாருங்க.

மீடியா_மணி · வெள்ளி இரவு 9:30

நான் கொஞ்சம் மாறுபடறேன்மா. இது சிங்கப்பூர், வெளிய ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல, துணியே காயாது. இங்க அவ்வளவு ஆவியாகுமா?

கண்ணாடித்தட்டு · வெள்ளி இரவு 9:55

சார், துணி காயாதது வெளியில. ஏர்கான் ரூம் உள்ள ஈரத்த பிழிஞ்சு வெளிய குழாய்ல சொட்ட விடுதே, அது யாரோட தண்ணி? அந்த ரூம்ல இருக்கறவங்களுக்கு உதடு வெடிக்கும். வறண்ட காத்து, அதுவும் ஓடற காத்து. நான் வேலை பாத்த ஒரு எடத்துலயும் இதே மாதிரி ஹூட் ஃபேன ஓட விட்டு டிராப் போட்டுக்கிட்டு இருந்தாங்க, யாரும் அளந்து பாக்கல, பாதிக்கப்பட்டது மனுஷக்கரு. அத நெனச்சா எனக்கு இன்னும் மனசு ஆறல, அதனாலதான் இவ்வளவு அழுத்தமா சொல்றேன்.

தம்பி, செய்ய வேண்டியது இதான். ஹீட்டிங் பிளேட்ட அணைச்சிருங்க, டிராப் போடறப்ப கரு அங்க இல்லையே, சூடு எதுக்கு. ஃபேன எவ்வளவு கொறைக்க முடியுமோ கொறைங்க. ஒரு டிஷ் எடுத்து ஆறே டிராப் போட்டு உடனே ஆயில் ஊத்துங்க, அப்புறம்தான் அடுத்த டிஷ். இன்னும் பத்திரமா வேணும்னா சின்ன டிராப் போட்டு ஆயில் மூடி, ஆயிலுக்கு அடியிலேயே அந்த டிராப்ப உறிஞ்சிட்டு புது மீடியா விடுங்க. அப்புறம் குறைஞ்சது ராத்திரி முழுக்க இன்குபேட்டர்ல வச்சிருங்க, கேஸ் உள்ள எறங்கி பிஹெச் நிலைக்கு வரட்டும்.

ஜெல்லி_பாய் · சனி காலை 10:20

எருமைப்பால் சார் சீரம் பத்தி எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். எங்க லேப்ல கரு பிளாஸ்டோசிஸ்ட் ஆனா அத்தோட முடிஞ்சுது, பொறந்தா என்ன ஆகும்னு யோசிக்க வாய்ப்பே இல்ல. தெளிவாச்சு, நன்றி.

ஈசூன்காரன் · பத்து நாள் கழிச்சு, செவ்வாய் இரவு 11:45

எல்லாரும் எப்படி இருக்கீங்க. லேட்டாயிடுச்சு மன்னிச்சிருங்க, ஒரு சுத்து முழுசா முடியட்டும்னு காத்திருந்தேன்.

ஆஸ்மோமீட்டர் மேல மாடி லேப்ல இருந்துச்சு, கெஞ்சி ஒரு மணி நேரம் வாங்குனேன். பாட்டில்ல இருக்கற மீடியா 290 மில்லிஆஸ்மோல ஒட்டி, இருக்க வேண்டிய மாதிரியே. நான் வழக்கமா போடற மாதிரி டிராப் போட்டு 22 நிமிஷம் கழிச்சு ஒரு டிஷ் டிராப்பெல்லாம் ஒண்ணா சேத்து அளந்தா 330-ஐ தாண்டுது. மூணு தடவ அளந்தேன், மூணு தடவையும் அப்படித்தான். கடைசி டிஷ்ல அவ்வளவு ஏறல, அது கொஞ்ச நேரம்தானே தொறந்து கெடக்கு. உடனே நோட்ட பொரட்டுனேன், டிஷ் நம்பர் எழுதியிருந்தேன் நல்லவேளை, மூணு மாசமா ஒவ்வொரு தடவையும் வந்த கொஞ்சநஞ்ச பிளாஸ்டோசிஸ்ட்டும் பெரும்பாலும் ஒன்பது பத்தாம் நம்பர் டிஷ்லதான் வந்திருக்கு. என் கண்ணு முன்னாடியே எழுதி இருந்திருக்கு.

போன வாரம் கண்ணாடித்தட்டு அக்கா சொன்ன மாதிரியே போட்டேன். பார்த்தினோட் பழைய அளவுக்கு வந்திருச்சு. குளோனும் நாலு செல்ல தாண்டுது, நூத்துக்கு பதினாலு பிளாஸ்டோசிஸ்ட். முன்னாடி இருந்த இருபதுக்கு இன்னும் வரல. பாஸ்கிட்ட கணக்க காட்டுனேன், அமைதியா பாத்துட்டு பெஞ்ச மாத்தறதுக்கு அவரே மெயில் போட்டார், மிச்ச வித்தியாசத்துக்கு செல் லைனப் பாப்போம்னார். அது நியாயம்தான், இப்ப பார்த்தினோட் சரியா இருக்கறதால அவர் சொல்றதையும் டெஸ்ட் பண்ண முடியும்.

எருமைப்பால் · புதன் காலை 7:50

ரொம்ப சந்தோஷம் தம்பி. இனிமே ஒவ்வொரு தடவையும் ஒண்ணே ஒண்ண மட்டும் மாத்துங்க. புது செல் லைனும் டிஎஸ்ஏவும் ஒரே வாரத்துல போட்டீங்கன்னா எது வேலை செஞ்சுதுன்னு தெரியாது.

இன்னொண்ணு, ஏழாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட்ட எண்ணறதோட விட்டுடாதீங்க, ஹோக்ஸ்ட் சாயம் போட்டு உள்ள எத்தன செல்லுன்னு எண்ணுங்க. இருபது செல்லோட ஊதி நிக்கற பிளாஸ்டோசிஸ்ட்டும் அம்பது செல்லு இருக்கறதும் கணக்குல ஒண்ணுதான், ஆனா வயித்துல வச்சா ஒண்ணு இல்ல. மாட்டு குளோன்ல பல லேப்ல பிளாஸ்டோசிஸ்ட் சாதாரண ஐவிஎஃப் அளவுக்கே வருது, ஆனா வச்சதுல கன்னு ஆகறது ரொம்பக் கொஞ்சம், நஞ்சுக்கொடி சரியா பிடிக்காம போயிடும்.

முட்டை முதிர்ற அந்த 42 மணி நேரத்தையும் ஒரு கண்ணு பாருங்க. அறுப்புக்கு வர்ற பன்னி ஆறு மாசக் குட்டி, பருவத்துக்கே வராதது, அதோட முட்டை பெரிய பன்னி முட்டை அளவுக்கு தெம்பா இருக்காது. மிசௌரில 2017ல முதிர வைக்கற மீடியாவுல எஃப்ஜிஎஃப்2, லிஃப், ஐஜிஎஃப்1னு மூணு புரதத்தையும் சேத்து குளோன் குட்டி எடுக்கற திறன நாலு மடங்கு ஆக்குனாங்க. முட்டைய நல்லா வளத்தாங்க, கரு மீடியாவ தொடவே இல்ல.

ஈசூன்காரன் · புதன் இரவு 10:30

நாளைக்கு ஓவரி வருதுண்ணே. முதிர வைக்கறதுல பாதிய மட்டும் அந்த மூணும் போட்டு பிரிக்கப் போறேன், மிச்சம் எல்லாம் அப்படியே. ஹோக்ஸ்ட் எண்ணி இங்க போடறேன்.

மறந்துட்டேன், பக்கத்து பெஞ்ச்ல எலிக்கரு பாக்கற பொண்ணு ஒண்ணு இருக்கு, அதுவும் ரெண்டு மாசமா சரியா வரலன்னு தண்ணிய மாத்தி மாத்தி பாத்துக்கிட்டு இருந்துச்சு. அதுவும் அதே வென்ட்டுக்குக் கீழதான். இன்னிக்கு மத்தியானம் ரெண்டு பேரும் சேந்து அட்டைய வெட்டி வென்ட்ட அடைச்சிட்டோம், பெஞ்ச் நகர்ற வரைக்கும்.